குளத்தைத் தூர்வாரினால் போதுமா?

1948 வரை தொண்டைமான் சமஸ்தானத்தின் தலைநகராக இருந்தது புதுக்கோட்டை. வற்றாத ஆறு எதுவும் இல்லாத இந்த ஊர் மழைநீரை நம்பியே வளர்ந்தது. 1878-இல் திவானாகப் பொறுப்பேற்ற சேஷையா சாஸ்திரி, நகரைச் சீரமைத்தபோது குளங்களையும் சீரமைத்தார். சாந்தநாத சுவாமி கோயிலை ஒட்டிய பல்லவன் குளம் இன்றும் நகரின் நடுவே இருக்கிறது. ஆனால், ஒரு குளத்துக்கு உயிர் அதன் வரத்துவாய்க்கால்தான். அது மண்ணும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக் கழிவுநீர்க் கால்வாயாகிவிட்டால், எத்தனை முறை தூர்வாரினாலும் குளத்துக்கு நல்ல தண்ணீர் வராது. கரையில் நடைபாதையும் மின்விளக்கும் அமைப்பது அழகு சேர்க்கலாம், நீர் சேர்க்காது.

காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும்போது குளங்கள் எதற்கு என்று சிலர் கேட்கலாம். குழாய்நீர் தாகம் தீர்க்கும். நிலத்தடி நீரை உயர்த்தாது, அடைமழையின் வெள்ளத்தையும் தாங்காது. வளரும் நகருக்கு வீடுகள் வேண்டாமா என்பதும் நியாயமான கேள்வியே. வீடுகள் வேண்டும், வாய்க்காலின் மேல் வேண்டாம். அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் ஏழைகளுக்கு மாற்று இடம் தந்த பிறகே அகற்ற வேண்டும். 2024-இல் மாநகராட்சியான புதுக்கோட்டை, ஒவ்வொரு வரத்துவாய்க்காலையும் அளந்து, எல்லைக்கல் நட்டு, அதன் வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இந்தப் பணி தொடங்கட்டும்.