பதினொரு வரிக்கும் இரவலா?

இரவற் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் கதை ஊரறிந்தது. இணையத் தளங்களைக் கட்டும் மென்பொருட் பொறியாளர் கூட்டம் அதனையே தன் தொழில்முறையாக ஆக்கிக்கொண்டதை அறிந்தார் சிலரே.

2016ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் நிகழ்ந்ததைக் காண்க. சாவாசுகிரிப்டு மொழியில் நிரல் எழுதுவோர், தாம் ஆக்கிய நிரற்பொதிகளைப் பிறரும் எடுத்தாளுமாறு வைக்கும் களஞ்சியம் என்பிஎம் என்பது. அமெரிக்க நிறுவனம் ஒன்று நடத்தியது. அதில் அசர் கோச்சுலு என்னும் நிரலர் 'கிக்' என்ற பெயரில் ஒரு பொதி வைத்திருந்தார். அதே பெயருடைய கனடா நாட்டு நிறுவனம் அப்பெயர் தனக்கு வேண்டுமென்றது. அவர் மறுத்தார். களஞ்சியத்தார் பெயரைப் பறித்து நிறுவனத்தின் கையிற் கொடுத்தனர். மானமுள்ளவர் என் செய்வார்? இருநூற்றுக்கும் மேற்பட்ட தம் பொதிகளை ஒருங்கே எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

அவற்றுள் ஒன்று 'இலெப்டு-பேடு'. ஒரு சொல்லின் இடப்புறம் வெற்றிடமோ சுழியமோ இட்டு, வேண்டிய நீளத்திற்கு நிரப்புவதே அதன் முழு வேலை. 7 என்பதை 007 என ஆக்குவது போல. மொத்தம் 11 வரி! கணினி கற்கும் முதலாண்டு மாணவன் உண்ட கை காயுமுன் எழுதிவிடுவான். அது மறைந்ததும் பேபல் முதலிய பெருங்கருவிகளை நிறுவ இயலாமற் போயிற்று. அவற்றை நம்பித் தளம் கட்டிக்கொண்டிருந்தோர் உலகெங்கும் திகைத்து நின்றனர். தாம் இரந்து பெற்றது பிறிதொன்றை இரந்து பெற்றிருந்தது; அது மற்றொன்றை. அடியிற் கிடந்தவை அந்த 11 வரிகள்.

ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில், ஆக்கியவர் நீக்கியதைக் களஞ்சியத்தார் தாமே மீட்டு வைத்தனர். வெளியிட்ட பொதியை இனி எளிதில் நீக்கலாகாது எனப் பின்னர் விதியும் செய்தனர். நோய் இரந்தவனிடத்து, விலங்கோ ஈந்தவன் கைக்கு!

"முன்னரே செய்ததை மீண்டும் செய்வானேன்?" என்பர். செய்தியை மறைகுறியாக்கும் நிரல் போன்ற அரும்பணிகளில் அது மெய்யே. அங்கே அரைகுறைக் கை புகுதல் கேடு. வெற்றிடம் நிரப்பவுமா அயலான் வேண்டும்? 2017ஆம் ஆண்டுத் தரத்தில் சாவாசுகிரிப்டு மொழியே அவ்வேலையைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. ஒரு பொதிக்கு விடிவு வந்தது, பழக்கத்திற்கு வரவில்லை.

பழி முழுவதையும் பொறியாளர் தலையில் ஏற்றுதலும் முறையன்று. நாட்கணக்குக் காட்டி விரட்டும் மேலாளர் முன், "இதை நானே எழுதுகிறேன்" என்பவன் சோம்பேறி. பத்துப் பொதிகளை இழுத்துப் போட்டுத் திரையில் எதையோ காட்டுபவன் வல்லவன். அந்தப் பத்தும் தத்தம் சுற்றத்தை அழைத்துவந்து நூறாவதை எவரும் எண்ணுவதில்லை, எண்ணினாலன்றோ படிப்பதற்கு? அச்சுமையெல்லாம் இறுதியில், விலைகுறைந்த செல்பேசியிற் சுழலும் வட்டத்தைப் பார்த்துக் காத்திருக்கும் ஏழையின் மேல் இறங்குகிறது.

படியாமல் இரத்தலின் பயன் 2018இல் வெளிப்பட்டது. 'ஈவெண்டு-சுட்ரீம்' என்னும் பொதியைப் பேண இயலாத அதன் ஆக்குநர், உதவ முன்வந்த அறியாதார் ஒருவரிடம் அதனை ஒப்படைத்தார். வந்தவர் அதனுள் வேறொரு பொதியை நுழைத்தார். மின்பணப் பை ஒன்றிலிருந்து காசைத் திருடும் நிரல் அதில் ஒளிந்திருந்தது. கிழமைதோறும் இலக்கக்கணக்கான முறை இறக்கப்பட்ட பொதி அது. கிழமைகள் பல கழிந்து, தொடர்பற்ற எச்சரிக்கை வரியொன்று திரையில் தோன்றிய பின்னரே ஒருவர் ஐயுற்றுத் திறந்து பார்த்தார்.