அபாயம் யார் தலையில்?

பெரிய கம்பெனிகளில் டைரக்டர்கள் கூடும்போது ஒரு கணக்குப் போடுகிறார்கள். நெருப்பு, வெள்ளம், சந்தைச் சரிவு, வேலைநிறுத்தம் என வரக்கூடிய அபாயங்களையெல்லாம் எழுதி, வந்தால் எவ்வளவு நஷ்டம் என்று மதிப்பிடுகிறார்கள். லாபத்திற்காக இதில் எவ்வளவைத் தாங்கலாம் என்று ஓர் எல்லையும் வகுக்கிறார்கள். அவர்கள் பாஷையில் இதற்கு "ரிஸ்க் அப்பிடைட்" என்று பெயர். அதாவது, அபாயப் பசி. எல்லைக்கு மிஞ்சியதை இன்ஷூரன்ஸ் மூலமோ காண்டிராக்ட் மூலமோ பிறர் தலைக்கு மாற்றிவிடுகிறார்கள்.

இது ரகசியமல்ல. அபாயங்களைச் சமாளிக்கும் கொள்கையை டைரக்டர்களின் ஆண்டறிக்கையில் கூற வேண்டுமென்று 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமே சொல்கிறது. பங்குச் சந்தையின் முதல் 1000 கம்பெனிகளுக்கு இதற்கெனத் தனிக் கமிட்டி வேண்டுமென்பது செபியின் விதி.

கணக்குப் போடுவதை நாம் குறை கூறவில்லை. குத்தகைக்கு உழும் விவசாயியும் மழையை எண்ணி, கடனை எண்ணித்தான் விதைக்கிறான். ஆனால் அவன் பந்தயம் வைப்பது தன் சொந்த வயிற்றை. கம்பெனி யார் வயிற்றை வைக்கிறது?

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் பதில் சொல்கிறது. இங்கே ஆப்பிள் கம்பெனிக்கு ஐபோன் செய்து தருவது பாக்ஸ்கான் ஆலை. 2021 டிசம்பரில், அதன் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்ட உணவு உண்டு 250-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். சமையற்கூடத்தில் எலிகளும் சாக்கடைக் கேடும் இருக்கக் கண்டு அதிகாரிகள் அதை மூடினர். அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் மறியல் செய்த பிறகே நாடு திரும்பிப் பார்த்தது. ஆலை மூடப்பட்டது, 2022 ஜனவரி 12-ல்தான் மீண்டும் திறந்தது. உற்பத்தியை அளவுமீறிய வேகத்தில் கூட்டிவிட்டோம் என்று நிர்வாகமே அதிகாரிகளிடம் கூறியதாக அப்போது செய்தி வந்தது.

அந்த வேகம்தான் அபாயப் பசி! ஆர்டர் குவிகிறது, கிராமங்களிலிருந்து பெண்களைக் காண்டிராக்டர் மூலம் திரட்டுகிறார்கள், கிடைத்த விடுதியில் அடைக்கிறார்கள். விடுதி பிறர் பொறுப்பு என்று கணக்கு முடிகிறது. நோய் மட்டும் தொழிலாளியின் வயிற்றிலேயே தங்குகிறது. சாலையில் மறியல் நடந்து உற்பத்தி நின்ற பிறகுதான் அது கம்பெனிக்கும் அபாயமாகிறது.

1984-ல் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன் பின், 1987-ல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், அபாயகரமான ஆலைகளின் பாதுகாப்புக் கமிட்டியில் தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் சமமான இடம் வேண்டுமென்று விதித்தது. ஆபத்தைச் சுமப்பவனுக்குப் பேச உரிமை உண்டு என்பதே இதன் சாரம்.

ஆகவே நாம் கோருகிறோம்: எல்லா ஆலைகளிலும் பாதுகாப்புக் கமிட்டி வேண்டும், தொழிலாளர் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் அதில் அமர வேண்டும். அபாயப் பட்டியல் அவர்கள் பார்வைக்கு வர வேண்டும். விடுதி, சமையற்கூடம், பஸ் ஆகியவை காண்டிராக்டரிடம் இருந்தாலும் ஆலை நிர்வாகமே பொறுப்பேற்க வேண்டும்.

இவை தாமாக வரா. 2024 செப்டம்பரில் தொடங்கி, சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்து உறுதியாக நின்றார்கள். 2025 ஜனவரியில் அவர்களுடைய சங்கம் பதிவாயிற்று. தோழர்களே! அபாயத்தின் எல்லையை வகுக்கும் மேஜையில் நமக்கும் இடம் வேண்டும். அந்த இடத்தைச் சங்கம் ஒன்றே பெற்றுத் தரும்.