காத்திருக்கும் ஆண்டுகளை யார் சுமப்பது?

எம்.ஜி.ஆரின் முதல் படம் 'சதி லீலாவதி' 1936இல் வெளிவந்தது. அவர் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' வந்தது 1947இல். இடையில் பதினோரு ஆண்டுகள். வந்தவை எல்லாம் சின்னச் சின்ன வேடங்கள். வாய்ப்பு கேட்டு அலைந்த நாள்கள் அதைவிட அதிகம். அவர் வாழ்க்கையைப் பேசும் மேடைகளில் இந்தப் பதினோரு ஆண்டுகளும் ஒரே வரியில் முடிந்துவிடும். நடிக்க வேண்டும், பாட வேண்டும், ஆட வேண்டும் என்று இன்று வீட்டை விட்டுக் கிளம்பும் பிள்ளைக்கு முதலில் வந்து சேர்வதோ அந்த ஒரு வரிதான். பலருக்குக் கடைசிவரை அது மட்டும்தான்.

கலைஞராக வாழ்வது என்பது பெரும்பகுதி காத்திருப்பது. உலகெங்கும் அப்படித்தான். ஆனால் காத்திருக்கும் காலத்தின் சோற்றையும் வாடகையையும் யார் ஏற்பது என்பதில் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் அதை ஏற்க ஏதாவது ஓர் ஏற்பாடு இருந்தது. இன்று அது முழுக்க முழுக்க ஒரு குடும்பத்தின் தலையில் விழுகிறது. இதை அந்தக் குடும்பத்தின் சொந்த விஷயம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

பழைய ஏற்பாடுகள் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய பால சபாவும், அதைப் போன்ற மற்ற பாய்ஸ் கம்பெனிகளும் பிள்ளைகளைக் கடுமையாகத்தான் நடத்தின. அடி உண்டு, வீட்டுக்குப் போகத் தடை உண்டு. இருந்தாலும் வேடம் கிடைக்காத நாளிலும் இலையில் சோறு விழுந்தது, படுக்க இடம் இருந்தது, பாட்டும் வசனமும் சொல்லித்தர வாத்தியார் இருந்தார். டி.கே.எஸ். சகோதரர்களும் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தான். 1938இல் சென்னை வானொலி வந்தது. நிலைய வித்வான் என்ற வேலை உருவானது. வீணையோ மிருதங்கமோ வாசிப்பவர் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கலாம் என்பதே அன்றைக்குப் புதிது. பின்னால் சபா நாடகங்களின் காலத்தில் அரசு அலுவலகங்கள் தங்களை அறியாமலே கலையைத் தாங்கின. கே. பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதினார். நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தா.

இசைக்கு மெல்லிசைக் குழுக்கள் இருந்தன. எஸ்.பி. பாலசுப்ரமணியம் நடத்திய குழுவில் இளையராஜாவும் அவர் சகோதரர்களும் வாசித்தார்கள். அதற்கு முன் அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகக் கட்சி மேடைகளில் பாடி வாசித்த அனுபவம் இளையராஜாவுக்கு இருந்தது. பிறகு ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது ஊர் அவரைப் புதியவர் என்றது. கைக்குப் பின்னால் இருந்ததோ நெடுங்காலத்து வேலை. நம் தலைமுறையில் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை அப்படி ஓர் இடம். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதப் போய்ச் சேர்ந்தவர். மாதம் ஏதோ ஒரு தொகை, பக்கத்திலேயே ஒத்திகை. 'தென்மேற்குப் பருவக்காற்று' வரும்வரை அப்படியான தாங்கல்களில்தான் அவர் நின்றார்.

1993இல் சன் டிவி வந்தது. 2006இல் விஜய் தொலைக்காட்சியில் 'சூப்பர் சிங்கர்' தொடங்கியது. பல ஆண்டுகள் அலைந்தால்தான் கிடைக்கும் முகப்பழக்கத்தைச் சில மாதங்களில் தொலைக்காட்சி தந்துவிடுகிறது. இதில் பெரிய நன்மை இருக்கிறது, மறுக்கக் கூடாது. தொலைக்காட்சி வழியே வந்த சிவகார்த்திகேயனுக்கும் சந்தானத்துக்கும் சினிமாவில் சொந்தக்காரர் யாரும் இல்லை. எந்தப் பரிந்துரையும் இல்லாத சிற்றூர்ப் பிள்ளையின் குரலை மாநிலமே கேட்க முடிந்தது. சபாக்களின் வாசலில் நிற்கவே தயங்கியிருக்கக்கூடிய வீடுகளிலிருந்து பாடகர்கள் வந்தார்கள்.

ஆனால் அந்த வெளிச்சம் ஒரு பருவம்தான். இறுதிச்சுற்று முடிந்த கையோடு அடுத்த சீசனுக்கான ஆடிஷன் அறிவிப்பு வந்துவிடும். வென்றவருக்குப் பரிசு. மேலே வந்த சிலருக்குச் சில மாதங்கள் வெளிநாட்டுக் கச்சேரி, கல்யாண வரவேற்பு. அதற்கும் கீழே உள்ளவர்களுக்கு ட்ராக் பாடும் வேலை, அதாவது பெரிய பாடகர் வந்து பாடுவதற்கு முன் மாதிரிக்குப் பாடிக்கொடுப்பது. இதற்குள் அப்பா வேலையை விட்டிருப்பார், அல்லது நீண்ட விடுப்பில் இருப்பார். சென்னையில் சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ வாடகைக்கு வீடு பிடித்திருப்பார்கள். பிள்ளையின் பள்ளி மாறியிருக்கும். வாட்ஸ்அப்பில் வரும் நிகழ்ச்சி அழைப்பைப் பார்த்துத்தான் அந்த மாத வாடகை.

இந்த இடத்தில் சாய் பல்லவியின் பாதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 2008இல் 'உங்களில் யார் அடுத்த பிரபுதேவா' நிகழ்ச்சியில் ஆடிய பெண், கதாநாயகியாக நம் முன் வந்தது 2015இல், 'பிரேமம்' படத்தில். இடைப்பட்ட காலத்தில் அவர் ஜார்ஜியாவில் மருத்துவம் படித்தார். வாய்ப்பு வராமலே போயிருந்தாலும் அவர் கையில் ஒரு தொழில் இருந்திருக்கும். அந்த வசதி எல்லா வீட்டுக்கும் இல்லை. ஆனால் படிப்பை நிறுத்திவிட்டு ஆடிஷனுக்கு ஓடுவது மட்டுமே அர்ப்பணிப்பு என்ற எண்ணத்தை நம் தொலைக்காட்சிகளும் நம் வீடுகளும் சேர்ந்தே வளர்க்கின்றன. மேடையில் கண்ணீரோடு நிற்கும் தந்தை "எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் சார் வந்தோம்" என்று சொல்லும்போது நாம் கைதட்டுகிறோம். அந்தக் கைதட்டலை நாம் நிறுத்த வேண்டும்.

14 வயது நிறையாத குழந்தைகள் நடிப்பதற்கும் பாடுவதற்கும் சட்டம் தெளிவான வரம்பு வைத்திருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் வந்த திருத்தமும், அதையொட்டி 2017இல் வந்த விதிகளும் சொல்வது இது: ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது; ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது; தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளராவது உடன் இருக்க வேண்டும். குழந்தை ஈட்டும் தொகையில் குறைந்தது 20 விழுக்காட்டை அதன் பெயரிலேயே தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புநிதியாகப் போட வேண்டும். இந்தக் கடைசி விதியைப் பற்றி எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? காலை ஏழு மணிக்கு மேக்கப் போட்டுவிட்டு இரவு பத்து மணிக்குத் தூங்கி விழும் பிள்ளையைத் தட்டியெழுப்பிப் பாட வைக்கும் படப்பிடிப்புத் தளத்தில், அங்கே நிற்கும் பெரியவர்களில் ஒருவராவது கடிகாரத்தைப் பார்க்கக் கூடாதா? சேனல் பார்க்கவில்லை என்றால் பெற்றோர் பார்க்கலாம். பெற்றோர் தயங்கினால் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சொல்லலாம். அவர் சொன்னால் படப்பிடிப்பு நிற்கும்.

பெரியவர்கள் நிலைமைக்கு வருவோம். சீரியலில் நடிப்பவருக்கு நாள் கணக்கில் சம்பளம். கதையில் அவர் பாத்திரத்தை முடித்துவிட்டு, சுவரில் மாலை போட்ட படமாக மாட்டிவிட்டால் மறுநாள் முதல் வருமானம் இல்லை. பல நேரம் அந்தச் செய்தி அவருக்கு அன்று காலை வசனத்தாளைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. கூட்டத்தில் நிற்கும் துணை நடிகருக்கு ஏஜென்ட் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு கொடுப்பதுதான் கூலி. பெண்களுக்கு இவற்றோடு பாலியல் தொல்லை என்ற இன்னொரு பயமும் சேர்கிறது. 2024 ஆகஸ்டில் வெளியான ஹேமா குழு அறிக்கை கேரளத் திரையுலகைப் பற்றியது. அதில் உள்ளவற்றைப் படித்த எவரும் கோடம்பாக்கம் வேறு உலகம் என்று நிம்மதியாகச் சொல்லிவிட முடியாது. பணியிடப் பாலியல் கொடுமைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் உள்ளகப் புகார்க் குழு, ஒவ்வொரு தயாரிப்பு நிறுவனத்திலும் பெயர்ப் பலகையோடு இருக்க வேண்டும்.

எழுத்தில் ஒப்பந்தம் என்ற ஒன்றை வலியுறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். திரைப்படத் தொழிலாளரை எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1981ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. அது சினிமாவுக்கு மட்டுமாக இருந்தது. 2020ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடிகர், பாடகர், வாத்தியக் கலைஞர், தொகுப்பாளர், நடனக் கலைஞர் என எல்லோரையும், தொலைக்காட்சித் தொடர், இணையத் தொடர் உட்பட, ஒரே குடையில் கொண்டுவருகிறது. பாடியவருக்கு அந்தப் பாட்டு வணிகமாகப் பயன்படும்போதெல்லாம் உரிமத்தொகையில் பங்கு உண்டு என்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் உறுதி செய்தது. சங்கங்கள் தேர்தலுக்குக் காட்டும் வேகத்தில் பாதியையாவது புதிய உறுப்பினருக்கு இவற்றைச் சொல்லிக்கொடுப்பதில் காட்டலாம். சேரும் நாளில் உறுப்பினர் அட்டையோடு ஒரு மாதிரி ஒப்பந்தப் படிவத்தையும் கையில் கொடுத்தால் போதும். செலவு ஒன்றும் இல்லை.

அரசின் பங்கு உதவித்தொகையோடு முடிவதில்லை. பரவை முனியம்மாவை 2003இல் 'தூள்' படம் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. பின்னாளில் அவர் நோயில் விழுந்தபோது மருத்துவத்துக்கும் பிழைப்புக்கும் அரசும் திரையுலகினரும் கைகொடுக்க வேண்டியிருந்தது. கைகொடுத்தார்கள், நல்லது. ஆனால் அவரைப் போன்றவர்கள் திடமாக இருந்த காலத்தில் பள்ளிகளில் நாட்டுப்புறப் பாட்டு சொல்லித்தர அழைத்திருந்தால்? தமிழ்நாட்டில் மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் 17 இருக்கின்றன. நாகஸ்வரமும் தவிலும் தேவாரமும் பரதமும் கற்றுச் சான்றிதழோடு வெளியே வரும் மாணவருக்கு அடுத்த வேலை எங்கே? 2012இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பத்தாண்டுகளுக்கு மேல் தெருவில் நிற்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் கௌரவமான சம்பளத்தில் ஒரு கலை ஆசிரியர் என்று முடிவெடுத்தால், இன்றைய நிலைய வித்வான்கள் அங்கேதான் உருவாவார்கள். காத்திருக்கும் கலைஞருக்குச் சோறு, பிள்ளைகளுக்குப் பாட்டு.

மிச்சம் இருப்பது நாம். தமிழ்நாட்டில் மேடைக் கலைஞர்களுக்குப் பெரிய முதலாளி சினிமா அல்ல என்று சொன்னால் சிலர் வியப்பார்கள். பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் நம் ஊர்த் திருவிழாக்கள்தான் இசை நாடகத்தின் ராஜபார்ட்டுக்கும் பபூனுக்கும், கரகாட்டக்காரருக்கும், ஆர்க்கெஸ்ட்ராப் பாடகருக்கும் ஆண்டு வருமானம். அங்கே நடப்பது நமக்குத் தெரியாததல்ல. இரவு ஒன்பதுக்குத் தொடங்கும் கச்சேரி ஒரு மணிக்கு முடியும். வாத்தியங்களை வேனில் ஏற்றிவிட்டுக் கலைஞர்கள் காத்திருப்பார்கள். குழுவின் முதலாளி விழாக் கமிட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்பார். மழை வந்தது, கூட்டம் குறைவு, கேட்ட பாட்டைப் பாடவில்லை என்று பேசிய தொகையில் ஒரு பகுதி கழியும். கழிந்தது போக வந்ததை வேனுக்குள் பிரிக்கும்போது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தபேலாக்காரருக்கு வீடு திரும்பும் பஸ் செலவு போக அதிகம் மிஞ்சாது. முன்பு டிரம்பெட்டுக்கு ஓர் ஆள், வயலினுக்கு இரண்டு ஆள் இருந்த இடத்தில் இப்போது ஒரு கீபோர்டும் ரிதம் பேடும் இருப்பதற்கு இந்தக் கழிவும் ஒரு காரணம். குறைந்த ஆள் என்றால்தான் கட்டுபடியாகிறது. வரி பிரித்துத் திருவிழா நடத்தும் ஊர் நாம்; பேசிய தொகையைக் குறைத்த ஊரும் நாம்தான்.

ஆண்டுதோறும் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குக் காவல் துறை அனுமதி கேட்டு, அது கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போய் விழாக் கமிட்டிகள் மனு போடுகின்றன. அவ்வளவு தூரம் போகிறவர்களுக்கு ஒரு வெள்ளைத்தாளில் தொகையையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடுவது கடினமில்லை. வரும் பங்குனியில் உங்கள் ஊரில் மேடை போடுகிறீர்கள் என்றால், முன்பணம் கொடுக்கும்போதே அதை எழுதிக்கொள்ளுங்கள். பாக்கித் தொகையைக் கச்சேரி தொடங்கும் முன் கொடுத்துவிடுங்கள். வந்தவர்களுக்கு நேரத்தோடு சாப்பாடு போடுங்கள். உங்கள் ஊர் இசைப் பள்ளியில் படித்த ஒருவருக்கு அந்த மேடையில் அரை மணி நேரம் கொடுங்கள்.