223ஆம் இடத்து எழுத்து

ஜெர்மன் மொழியில் பாதத்துக்கு ‘ஃபூஸ்’ என்று பெயர். அளவு ‘க்ரோஸெ’, தெரு ‘ஷ்ட்ராஸெ’. மூன்று சொற்களிலும் ‘ஸ்’ ஒலியைக் குறிக்கத் தனி எழுத்து ஒன்று வருகிறது. அதன் பெயர் எஸ்ட்செட். நெடில் உயிரையும் கூட்டுயிரையும் அடுத்து மட்டுமே அது வரும். பார்வைக்கு கிரேக்க பீட்டாவையும், அடிப்பக்கம் மூடாத ரோமன் ‘பி’யையும் ஒத்திருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கும் தோல் ஷாப்புகளுக்கும் ஜெர்மனி முக்கியமான சந்தை. அங்குள்ள பையரின் முகவரியை இன்வாய்ஸில் அடிக்கும்போது இந்த எழுத்து குறுக்கிடும்.

கணிப்பொறிக்கு எழுத்தின் வடிவம் தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்ற உடன்படிக்கைக்கே குறியேற்றம் என்று பெயர். 1963இல் அமெரிக்கா வகுத்த ஆஸ்கியில் இருந்தவை 128 இடங்கள். ஆங்கிலத்துக்கு அவை போதும். எஸ்ட்செட்டுக்கு அதில் இடமில்லை. ஜெர்மானியர் தங்கள் தரத்தில் 126ஆம் இடத்திலிருந்த அலைக்குறியை நீக்கிவிட்டு அதை வைத்தார்கள். 1981இல் வந்த ஐ.பி.எம். கணிப்பொறி 225ஆம் இடத்தைத் தந்தது. 1987இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8859-1 தரம் 223ஐத் தந்தது. 1991இல் யூனிகோடும் அதே எண்ணை ஏற்றது.

அந்த 223 தமிழுக்கும் அறிமுகமான எண். யூனிகோடுக்கு முன் இணையத் தமிழர் பயன்படுத்திய டிஸ்கி குறியேற்றத்தில் அந்த இடத்தில் இருந்தது ‘ணூ’. ‘எண்ணூர்’ என்று டிஸ்கியில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால், நடுவில் எஸ்ட்செட் தெரியும். எண் மாறவில்லை, அதைப் படிக்கும் உடன்படிக்கைதான் மாறியது.

யூனிகோடு எண்ணைக் கோப்பில் எழுத இன்று பெரிதும் வழங்கும் முறை யு.டி.எஃப்-8. அதில் எஸ்ட்செட்டுக்கு 195, 159 என இரண்டு பைட்டுகள். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. அந்த இரண்டு பைட்டுகளைப் பழைய விண்டோஸ் குறியேற்றமாகப் படிக்கும் மென்பொருள், மேலே அலைக்குறி போட்ட ‘ஏ’யையும் இரட்டைப் புள்ளி வைத்த ‘ஒய்’யையும் காட்டும். முகவரியில் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால், கெட்டது எழுத்தல்ல, படித்த முறை என்று அறியலாம்.

எஸ்ட்செட்டுக்கு நெடுங்காலம் பெரிய எழுத்து வடிவம் அதிகாரப்பூர்வமாக இல்லை. முழுச்சொல்லையும் பெரிய எழுத்தில் எழுதினால் இரண்டு ‘எஸ்’ போடுவது வழக்கம். இதில் பொருள் மயங்கும்: நீள அகல அளவுகளைக் குறிக்கும் ‘மாஸெ’யும் நிறையைக் குறிக்கும் ‘மஸ்ஸெ’யும் ஒரே சொல்லாகிவிடும். 2008இல் யூனிகோடு பெரிய வடிவத்துக்கு 7838 என்ற எண்ணை ஒதுக்கியது. 2017 ஜூனில் ஜெர்மன் எழுத்துமுறை விதிகள் அதை ஏற்றன. சுவிட்சர்லாந்தோ எஸ்ட்செட்டையே கைவிட்டு, இரட்டை ‘எஸ்’ஸே எழுதுகிறது.

வங்கி வழியில் இந்தச் சிக்கல் கூர்மையாகிறது. எல்.சி. எனப்படும் வங்கிக் கடனுறுதிக் கடிதம் வந்து சேரும், வங்கிகளுக்கிடையிலான ஸ்விஃப்ட் எம்.டி. செய்திகளில் ஆங்கில எழுத்து, எண், சில நிறுத்தக்குறிகள் மட்டுமே செல்லும். அதனால் எல்.சி.யில் ‘ஷ்ட்ராஸெ’ இரட்டை ‘எஸ்’ஸுடனே வரும். எல்.சி.க்கென 2007 ஜூலையில் நடைமுறைக்கு வந்த யு.சி.பி. 600 விதிகளின்படி, வாங்குபவர், விற்பவர் முகவரிகள் ஆவணத்துக்கு ஆவணம் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டியதில்லை. நாடு ஒன்றாக இருந்தால் போதும். ஆனால் கப்பல் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் சரக்கைப் பெறுபவர் அல்லது தகவல் பெறுபவர் விவரத்தின் பகுதியாக வாங்குபவரின் முகவரி வந்தால், அது எல்.சி.யில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

ஆகவே கடிதம், விலைப்பட்டியல், பெட்டி லேபிள் ஆகியவற்றில் எஸ்ட்செட்டை எஸ்ட்செட்டாகவே யு.டி.எஃப்-8இல் எழுதுவது சரி. எல்.சி.யைச் சார்ந்த ஆவணங்களில் எல்.சி. காட்டும் இரட்டை ‘எஸ்’ சரி. எங்குமே தவறாவது, உருவம் ஒத்திருக்கிறது என்று ‘பி’யையோ பீட்டாவையோ அடிப்பது. கண்ணுக்கு அது அதே தெருவாகத் தெரியும். எண்ணை மட்டுமே படிக்கும் கணிப்பொறிக்கு வேறு தெரு.