படகை ஓட்டுவது யார், பிள்ளையா கோடா?



இரண்டு கிழமையாக எங்கள் பக்கத்து வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. "பிள்ளைகள் போனில் பாய்க்கப்பல் ஓட்டி விளையாடுகிறார்கள், படிப்பு நாசமாகிறது, சேர்மார் என்ன செய்கிறார்கள்?" என்பது அதன் சாரம். அதற்குப் பதிலாக இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. "இது தொழில்நுட்பக் காலம். எந்த வழியில் போவது என்று கொம்பியூட்டரே கணக்குப் போட்டுத் தருகிறது. நம்ம பிள்ளைகளும் பழகட்டும், விடுங்கள்" என்கிறார்கள்.

இரண்டு பக்கமும் பிழை. ஆனால் இரண்டாவது பக்கம்தான் எனக்குக் கூடுதல் பயமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில், இது என்ன விளையாட்டு என்று தெரியாதவர்களுக்கு. வேர்ச்சுவல் ரெகாட்டா என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஆட்டம் இது. உண்மையான பாய்மரப் படகுப் போட்டிகள் நடக்கும்போதே அதே கடலில், அதே காற்றில், கற்பனைப் படகை ஓட்டலாம். வொந்தே குளோப் என்பது தனி ஒருவராக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் போட்டி. 2020இல் அது நடந்தபோது போனிலும் கணினியிலும் கூடவே ஓடியவர்கள் பத்து இலட்சத்துக்கும் மேல்.

இதில் சுடுவதும் இல்லை, குத்துவதும் இல்லை. படகு இரவு பகலாகத் தானே ஓடும். ஆடுபவர் செய்ய வேண்டியது இரண்டே வேலை: எந்தத் திசையில் போவது, எந்தப் பாயை விரிப்பது. அந்த முடிவுக்கு ஆதாரம் காற்று வரைபடம். அது கற்பனை அல்ல. அமெரிக்க வானிலை நிறுவனத்தின் உலக மாதிரி ஒரு நாளைக்கு 4 தடவை ஓடித் தரும் உண்மையான முன்னறிவிப்பு. நம்முடைய நேரத்தில் இரவு 11.30க்குரிய கணக்கு சுபஹுக்கு முன்பின்னாகக் கைக்கு வந்துவிடும்.

இதில் என்ன படிப்பு என்று கேட்பவர்களுக்கு, தரம் 11 கணிதத்திலிருந்தே காட்டுகிறேன்.

பாய்மரப் படகு காற்று வரும் திசைக்கு நேரே போகாது. சாய்வாகத்தான் போக வேண்டும். காற்றுக்கு 40 பாகையில் போனால் 5 நொட் வேகம் கிடைக்கிறது என்று வைப்போம். 45 பாகையில் 6 நொட், 50 பாகையில் 6.5 நொட். எது நல்லது? வேகத்தை மட்டும் பார்ப்பவன் 50 என்பான். நேராகப் போக நினைப்பவன் 40 என்பான். கோசைனால் பெருக்கிப் பாருங்கள். காற்றுக்கு எதிரே முன்னேறும் அளவு முறையே 3.8, 4.2, 4.2 நொட் அளவில் வரும். 45க்கும் 50க்கும் வித்தியாசம் மயிரிழைதான், ஆனால் 45 முந்துகிறது. "திரிகோண கணிதம் எதற்கு சேர்?" என்று திருகோணமலைப் பிள்ளை கேட்டால் இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இன்னொன்று. நேர் வழி 100 கடல் மைல், ஆனால் காற்றுக் குறைவு, 6 நொட்தான் கிடைக்கும். சுற்று வழி 112 மைல், அங்கே காற்று உண்டு, 8 நொட். நேர் வழிக்காரனுக்கு 16 மணி 40 நிமிடம். சுற்றிப் போனவனுக்கு 14 மணி. குறுகிய வழி விரைவான வழி அல்ல என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கிறான். இதை நாசம் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே, "போனைப் பிடுங்குங்கள்" என்பவர்களே, எதைப் பிடுங்குகிறோம் என்று பார்த்துவிட்டுப் பிடுங்குங்கள்.

இப்போது இரண்டாவது பக்கத்தாரிடம் வருகிறேன்.

இந்த ஆட்டத்துக்கு வெளியே வழி போட்டுத் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. படகு நிற்கும் இடத்தையும் போக வேண்டிய இடத்தையும் கொடுத்தால், காற்று முன்னறிவிப்பையும் படகின் வேக அட்டவணையையும் வைத்து ஆயிரக்கணக்கான வழிகளைக் கணக்கிட்டு ஒரு கோட்டை வரைந்து தரும். பிள்ளை அந்தக் கோட்டை அப்படியே போட்டுவிட்டு நித்திரைக்குப் போய்விடலாம். காலையில் இடம் முன்னேறியிருக்கும். பிள்ளைக்குச் சந்தோஷம். "என் மகன் ஆயிரக்கணக்கான பேரை முந்திவிட்டான்" என்று வாப்பாவுக்கும் சந்தோஷம்.

மகன் முந்தவில்லை. கோடு முந்தியது.

ஏன் அங்கே திரும்பினாய் என்று அந்தப் பிள்ளையைக் கேளுங்கள். "கோடு அப்படிப் போச்சு சேர்" என்பான். நமக்குப் பழகிய பதில்தானே இது? ஓ.எல். பரீட்சைக்கு முன் வரும் ஊகவினாத்தாளும், ரியூஷனில் தரும் விடைக் குறிப்பும் நமக்குப் புதிதா? விடை சரி, "ஏன்" என்று கேட்டால் வாய் மூடிவிடும். வினாவில் ஓர் எண் மாறினால் கை நின்றுவிடும். அதே நோயைக் கடலுக்கும் ஏற்றுமதி செய்கிறோம்.

உலகத்தில் இதைச் சீரியஸாக எடுப்பவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வொந்தே குளோப் போட்டியில் ஓட்டுபவர் தன் படகிலுள்ள கணினியில் தானே வழிக் கணக்குப் போடலாம். கரையிலிருந்து வேறொருவர் அவருக்கு வழி சொல்லக் கூடாது, அது தடை. கோல்டன் குளோப் போட்டியில் கணினியே கிடையாது. கேரளத்து அபிலாஷ் டோமி 2018இல் அந்தப் போட்டியில் பாய்மரம் முறிந்து முதுகு அடிபட்டு மீட்கப்பட்டவர். திரும்பவும் போய் 2023 ஏப்ரலில் இரண்டாம் இடத்தில் முடித்தார். கைக்கோண மானியும் காகிதப் படமும் வைத்து உலகைச் சுற்றினார். மென்பொருள் இருக்கிறது என்பதற்காக அவர்கள் மனிதனின் தீர்மானத்தைத் தூக்கி எறியவில்லை. அதைக் காப்பாற்றத்தான் விதி போட்டிருக்கிறார்கள்.

"இது வெறும் ஆட்டம்தானே சேர், ஏன் இவ்வளவு சத்தம்?" என்று கேட்பீர்கள். வெறும் ஆட்டம் இல்லை. நம் மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகளின் வாப்பாமார் இன்றைக்கும் கடலில்? கிண்ணியா, மூதூர், புல்மோட்டை, நிலாவெளி, கொட்பே என்று எண்ணிப் பாருங்கள். இந்தப் பிள்ளைகளில் சிலர் நாளை படகில் ஏறுவார்கள். கையில் போன் இருக்கும். போனில் காற்றுப் படம் இருக்கும். அந்தப் படத்தை எவ்வளவு நம்புவது என்பதுதான் கேள்வி.

அந்த மாதிரியின் ஒரு கட்டம் ஏறத்தாழ 28 கிலோமீற்றர். நம் கொட்டியாரக்குடா முழுவதும் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். உள்துறைமுகம் அதற்கு ஒரு புள்ளி. கோணேசர் மலையின் மறைவில் காற்று எப்படி விழும், மாலையில் தரைக்காற்று எப்போது திரும்பும் என்பது அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. வலை போட்டு முடி நரைத்த நம் மூத்தவர்களுக்குத் தெரியும்.

கச்சானை எடுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. அதனால் கரையில் நின்று பார்த்தால் கடல் தட்டையாக, சாதுவாக இருக்கும். மேற்குக் கரையிலிருந்து தொழிலாளர்கள் அந்தக் காலத்தில் இங்கே வாடி போட வருவதும் அதனால்தான். ஆனால் இயந்திரம் நின்றுபோன படகைக் கச்சான் கரைக்குத் தள்ளாது, வெளியே தள்ளும். இங்கிருந்து கிழக்கே நிக்கோபார் வரை ஆயிரத்து இருநூறு கிலோமீற்றருக்கு மேல் தரையே இல்லை. வாடை அப்படியல்ல. வாடை கடலைக் கரைமேல் ஏற்றும், ஆபத்து கண்ணுக்குத் தெரியும். "சாதுவான கடலுக்குத்தான் பயப்பட வேண்டும்" என்ற பாடம் எந்தக் கோட்டிலும் எழுதியிருக்காது.

2020ஆம் ஆண்டின் ஒரு கிழமையை ஞாபகப்படுத்துகிறேன். நவம்பர் 30ஆம் திகதி, நன்னம்பிக்கை முனைக்குத் தென்மேற்கே, வொந்தே குளோப் போட்டியில் ஓடிய கெவின் எஸ்கோஃபியேயின் படகு அலையில் மடிந்து முறிந்தது. அவர் உயிர்காப்பு மிதவைக்குத் தாவினார். போட்டி நிர்வாகம் மற்றப் படகுகளைத் திருப்பியது. இரவெல்லாம் தேடி, ஜோன் லு காம் என்ற முதியவர் அவரைத் தூக்கி எடுத்தார்.

அதே கிழமை, டிசம்பர் 2 இரவு, புரெவி புயல் நமக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையைக் கடந்தது. எத்தனை பேர் அன்று இரவு விழித்திருந்தோம் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் கிழமையும் போனில் இலட்சக்கணக்கான படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றும் முறியவில்லை. யாரையும் தேட யாரும் திரும்பவில்லை. திரும்புவதற்கு அந்த ஆட்டத்தில் இடமே இல்லை.

உண்மைப் போட்டியில் என்ன நடந்தது? 2021 ஜனவரி இறுதியில் முதலில் கரை சேர்ந்தவர் ஷார்லி தாலன். ஆனால் வெற்றி யானிக் பெஸ்தாவனுக்கு. எஸ்கோஃபியேயைத் தேடப் போன நேரத்துக்கு ஈடாக அவருக்கு 10 மணி 15 நிமிடம் கழித்துக் கொடுத்தார்கள். அதைக் கழித்தபோது இரண்டரை மணி நேரத்தால் அவர் முந்தினார். வழியை விட்டு விலகியவருக்கு மாலை. எந்த மென்பொருளின் கோட்டில் இப்படி ஒரு திருப்பம் வரும்?

புரெவியும் ஒரு பாடம் தந்தது. நம்மைக் கடந்ததும் தென்தமிழ்நாட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் போகும் என்றுதான் பாதை வரைந்திருந்தார்கள். அது மன்னார் வளைகுடாவில் இராமநாதபுரத்துக்குக் கிட்ட நின்றே நலிந்தது. வெள்ளமோ வடக்கே கடலூர், சிதம்பரம் பக்கம். முன்னறிவிப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. கரை கடக்கும் முன் எச்சரிக்கை வந்தது, வளிமண்டலவியல் திணைக்களம் சொன்னதைக் கேட்டவர்கள் படகை ஏற்றி வைத்தார்கள். நான் சொல்வது, முன்னறிவிப்பு என்பது ஒற்றைக் கோடு அல்ல. வானிலையாளர்களே தொடக்க எண்களைச் சற்றுச் சற்று மாற்றி ஒரே மாதிரியை 30 தடவைக்குக் குறையாமல் ஓட்டிப் பார்க்கிறார்கள். விடைகள் ஒன்றாக நின்றால் நம்பலாம், விசிறிபோல விரிந்தால் எச்சரிக்கை. நம் பிள்ளைகள் படிக்க வேண்டியது அந்த விசிறியை.

இது நமக்கு அந்நியமான கல்வியும் அல்ல. உலகம் பருவக்காற்றுக்கு வைத்திருக்கும் ஆங்கிலப் பெயரே "மவ்ஸிம்" என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. எந்தத் துறையிலிருந்து எந்தக் காலத்தில் பாய் விரிக்கலாம் என்று 15ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் இப்னு மாஜித். 1782இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் இந்தத் துறைமுகத்துக்காக மோதியது எதற்கு? சோழமண்டலக் கரையில் வாடைக்கு ஒதுங்க இடமில்லை, இங்கே உண்டு. நம் ஊரின் சரித்திரமே காற்றின் சரித்திரம். அந்த ஊரில் பத்து வருடம் படித்து வெளியேறும் பிள்ளைக்குக் கச்சான் என்றால் கடலை மட்டும்தான் ஞாபகம் வருகிறது என்றால், குற்றம் போனிலா?

இரவு நித்திரை முழிப்பது பற்றிய கவலை நியாயமானது. அதை ஏற்கிறேன். படகு தானே ஓடும் ஆட்டத்துக்கு நாளைக்கு இரண்டு தடவை பார்த்தால் போதும். சுபஹுக்குப் பிறகு ஒன்று, மஃரிபுக்கு முன் ஒன்று. போன் உம்மாவின் கையில்.

நான் கேட்பது மூன்றே மூன்று. காசு செலவில்லாதவை.

ஒன்று: ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு காற்றுப் பலகை. காலையில் திசையும் பலமும் பிள்ளைகளே எழுதட்டும். பக்கத்தில் முன்னறிவிப்பு சொன்னது. கிழமை முடிவில் இரண்டையும் ஒப்பிடட்டும்.

இரண்டு: ஆடுவதானால் வெளிக் கோடு இல்லாமல் ஆடட்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் கொப்பியில் மூன்று வரி. எங்கே திரும்பினேன், ஏன், எது நடந்தால் என் முடிவை மாற்றுவேன். புள்ளி அந்த மூன்று வரிக்கு, ஆட்டத்தில் பிடித்த இடத்துக்கு அல்ல. கடைசி ஆளாக வந்தவன் முதல் புள்ளி எடுக்கலாம். அதன் பிறகு மென்பொருளின் கோட்டைக் காட்டுங்கள். தன் கோட்டை வைத்திருப்பவனுக்குத்தான் மற்றக் கோட்டிலிருந்து படிக்க ஏதாவது இருக்கும்.

மூன்று: தவணைக்கு ஒரு தடவை, கடலில் ஆயுள் கழித்த ஒரு மூத்தவரை வகுப்புக்குக் கூப்பிடுங்கள். கதிரை போட்டு உட்கார வையுங்கள். பிள்ளைகள் காற்றுப் படத்தைக் காட்டட்டும், அவர் "இது இங்கே இப்படி வராது மகன்" என்று சொல்லட்டும். அவரும் பிள்ளையும் வாதாடும் அந்த அரை மணி நேரம், ஒரு வருட ரியூஷனுக்குச் சமம்.

போனைப் பிடுங்கச் சொல்பவர்களும், கோட்டை நம்பச் சொல்பவர்களும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். பிள்ளையின் கையிலிருந்து சுக்கானை எடுக்கிறார்கள். முதலாமவர் பயத்தில் எடுக்கிறார், இரண்டாமவர் பெருமையில் எடுக்கிறார்.

கொமெண்டில் திட்டுவதானால் திட்டுங்கள். ஆனால் திட்டுவதற்கு முன் உங்கள் பிள்ளையிடம் ஒன்று கேட்டுவிட்டு வாருங்கள்: இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம்? போனைப் பார்க்காமல் சொல்லட்டும்.