எவர் கோலால் எவர் தகுதி?

தகுதி என்பது தூய தமிழ்ச்சொல். தகு என்னும் அடியினின்று தகவும் தகைமையும் தக்காரும் பிறந்தன. நடுவுநிலையையும் ஒழுக்கத்தையும் சுட்டவே நம் முன்னோர் அச்சொற்களை ஆண்டனர். இற்றைநாளிலோ அச்சொல்லைத் தில்லி தன் முத்திரைக் கட்டையாக்கிக்கொண்டது. பன்னிரண்டாண்டு பள்ளியிற் பயின்று பெற்றதெல்லாம் தகுதியன்று. ஒரு பிற்பகலில் மூன்று மணி நேரம் குனிந்தமர்ந்து 180 வினாக்களுக்கு வட்டங் கறுப்பதே தகுதி என்று அது நம் பிள்ளைகளுக்கு விதிக்கின்றது. அதற்கு 'நீட்' என்று பெயர். அதனைத் தமிழாக்குவோர் 'தேசியத் தகுதி மற்றும் நுழைவுத் தேர்வு' என்று எழுதுகின்றனர். 'தகுதியும் நுழைவும்' என்று உம்மை கொடுத்து எழுதவும் அறியாதார் கையில் நம் மாணாக்கரின் தகுதி அளக்கப்படுகின்றது! இதனை இலக்கணப் பூசல் என்று எள்ளற்க. மொழியைப் பிழைபட எழுதுவார் பிழையாகவே அளப்பார் என்பதற்கு 2018ஆம் ஆண்டே சான்று.

அவ்வாண்டு தமிழ்நாட்டில் 24,000 அளவிலான மாணாக்கர் இத்தேர்வைத் தமிழில் எழுதினர். அவர்களுக்குத் தரப்பட்ட தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்று வழக்கு எழுந்தது. 180இல் 49! நான்கில் ஒரு பங்கிற்கும் மேல். சிறுத்தை என்னும் எளிய சொல் அவர்களுக்குக் கிட்டவில்லை. 'சீத்தா' என்று அச்சடித்தனர். அரசுப் பள்ளியில் தமிழில் உயிரியல் பயின்ற பிள்ளை அச்சொல்லை எந்நூலிற் கண்டிருப்பான்? சீத்தாப்பழம் என்றன்றோ கொள்வான்! ஒரு வினாவுக்கு அரை மணித்துளி கூடுதலாகத் தயங்கினாலே பின்னுள்ள வினாக்கள் கைவிட்டுப் போகும் தேர்வு அது; தவறான விடைக்கு மதிப்பெண்ணைக் குறைக்கும் தேர்வும் அது. வினாவை எழுதியவர் செய்த பிழைக்கு விடை எழுதியவன் தண்டம் இறுத்தான்.

உயர் அறமன்றத்தின் மதுரைக் கிளை 2018 சூலை 10ஆம் நாள் வினாவுக்கு நான்காக 196 மதிப்பெண் வழங்குக என்று தீர்ப்பளித்தது. பத்தே நாளில் உச்ச அறமன்றம் அதற்குத் தடை விதித்தது. அவ்வாண்டு நவம்பரில் தீர்ப்பையே நீக்கியது. 196 மதிப்பெண்ணை அள்ளி வழங்குவது ஏனையோர்க்கு இழப்பாகும் என்பாரின் கூற்றில் ஒரு நேர்மை உண்டென்றே கொள்வோம். எனின், பிழையின் சுமையை முழுவதும் தமிழ்ப்பிள்ளையின் தோளில் ஏற்றியது எவ்வகை நேர்மை? மறுதேர்வும் இல்லை, மாற்றுவழியும் இல்லை. தேர்வின் விதியோ, மொழிபெயர்ப்பில் ஐயம் எழின் ஆங்கிலத் தாளே முடிவானது என்கின்றது. தமிழில் எழுதலாம், ஆனால் தமிழை நம்பலாகாது! இதுதான் இவர்கள் தாய்மொழிக்குத் தந்த இடம். இதற்கு முந்தைய 2017இலோ, ஆங்கிலத்தில் எழுதியவர்க்கு ஒரு வினாத்தாளும் தமிழ் முதலிய மொழிகளில் எழுதியவர்க்கு வேறு வினாத்தாளும் தந்துவிட்டு, அனைவரையும் ஒரே தரவரிசையில் நிறுத்தினர். 'ஒரே நாடு, ஒரே தேர்வு' என்று முழங்கியவர் செய்த வேலை இது.

விளைவு என்ன? ஓய்வுபெற்ற உயர் அறமன்ற நடுவர் ஏ. கே. இராசன் தலைமையில் 2021இல் தமிழ்நாட்டரசு அமைத்த குழு அதனை எண்களாற் காட்டியது. நீட்டுக்கு முன்னர் மருத்துவம் புகுந்தாருள் தமிழ்வழியில் பயின்றார் நூற்றுக்குப் பதினான்கு பேர்க்குக் குறையாமல் இருந்தனர். 2017-18இல் அத்தொகை இரண்டுக்கும் கீழே வீழ்ந்தது. ஓராண்டில்! அவ்வோராண்டிலா தமிழ்ப்பிள்ளைகளின் மூளை சுருங்கிற்று? மறுமுறை, மும்முறை எழுதிப் புகுந்தார் 2016-17இல் நூற்றுக்குப் 12 அளவில் இருந்தவர் 2020-21இல் 71 ஆயினர். இவ்விரண்டாம் கணக்கை ஆழ்ந்து நோக்குக. பள்ளிப்படிப்பு முடித்தபின் ஓராண்டோ ஈராண்டோ வேலையின்றி வீட்டிலிருந்து, இலக்கக்கணக்கிற் பணங்கட்டிப் பயிற்சிக் கடைக்குச் சென்றுவர எந்தக் கூலித்தொழிலாளி மகளுக்கு இயலும்? 1200க்கு 1176 பெற்றும் 2017 செப்தம்பர் முதல் நாள் நம்மை விட்டுப் போன அரியலூர் மாவட்டத்து மகளை, பெயர் சொல்லாமலே தமிழ்நாடு அறியும். அவள் உச்ச அறமன்றம் வரை சென்று வாதாடியவள். அவளுக்குத் தகுதியில்லை என்று சொல்லும் நா எத்தகைய நா!

இனி, தகுதி தகுதி என்று கூவுவோரின் தராசைத் திருப்பிப் பார்ப்போம். 2018இல் பொதுப்பிரிவினர்க்கு வைத்த தேர்ச்சி எல்லை 720க்கு 119. ஆறில் ஒரு பங்கும் இல்லை! அம்மதிப்பெண் பெற்றவன் பணம் படைத்தவனாயின் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கலாம். அவனினும் இருமடங்கு பெற்றவள் ஏழையாயின் வீட்டில் இருக்கவேண்டியதுதான். மேற்படிப்புக்கான நீட்டிலோ 2023இல் தேர்ச்சி எல்லையைச் சுழியமாகவே இறக்கினர். இடம் நிரம்பவேண்டிய வேளையில் தகுதி எங்கே ஒளிந்துகொண்டது? மாநிலங்களின் கல்லூரிகளுக்கு நீட்டே ஒரே வாயில் என்று கட்டளையிட்ட நடுவணரசு, தன் எய்ம்சுக்கும் புதுவைச் சிப்மருக்கும் 2019 வரை தனித்தனித் தேர்வு வைத்துக்கொண்டது. 2024இல் வினாத்தாள் பீகாரில் கசிந்ததும், முதலில் 67 பேர் 720க்கு 720 பெற்றதாக அறிவிக்கப்பட்டதும் நாடறிந்தவை. நம் பிள்ளைகளின் காதணியையும் முழுக்கைச் சட்டையையும் கத்தரித்தவர்கள் அங்கே எதனைக் காத்தனர்?

பழைய முறை பொன்முறை என்று யாம் சொல்லவரவில்லை. 1970-71இல் மருத்துவச் சேர்க்கையின் நேர்முகத்துக்கென 75 மதிப்பெண் வைத்திருந்தனர். அது யாருக்குப் பயன்பட்டிருக்கும் என்று விளக்கவேண்டுவதில்லை. 1984இல் நுழைவுத்தேர்வைக் கொண்டுவந்ததும் தமிழ்நாட்டரசே. அதனை ஒழிக்க 2007 வரை ஆயிற்று. ஒழித்தபின்னும், பதினொன்றாம் வகுப்பை நடத்தாது ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருவேற்றிய நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைப் பள்ளிகளை எந்த அரசும் தட்டிக்கேட்கவில்லை. முப்பதாண்டாகக் கரும்பலகை முன் நிற்பவன் என்ற முறையில் இதனைச் சொல்கின்றோம். ஆயினும் அது நம் வீட்டு அழுக்கு, நாமே வெளுத்திருக்கலாம். அழுக்கைக் காட்டி வீட்டையே பறிப்பதை ஒப்ப இயலாது.

பறித்தது எப்போது? மாவட்ட மக்கள்தொகைக்கேற்ப மருத்துவ இடங்களைப் பகிர்ந்த நம் ஏற்பாட்டை 1968லேயே உச்ச அறமன்றம் செல்லாதென்றது. நெருக்கடி நிலையின் இருட்டில் 1976ஆம் ஆண்டு 42ஆம் திருத்தத்தால் கல்வியைப் பொதுப்பட்டியலுக்குக் கடத்தினர். அதனை மீட்டால் போதும் என்று மேடைதோறும் பேசுகின்றனர். போதாது, தமிழர்களே! உயர்கல்வியின் தரத்தை ஒருங்கிணைக்கும் அதிகாரம் அரசியலமைப்பு தோன்றிய 1950 முதலே ஒன்றியப் பட்டியலின் 66ஆம் உள்ளீட்டில் தில்லியின் கையிலுள்ளது. அவ்வுள்ளீட்டைத் தொடாமல் பட்டியலை மட்டும் மாற்றுவது பூட்டை விட்டுவிட்டுக் கதவுக்கு வண்ணம் பூசுவதாகும். சட்டமன்றம் 2021 செப்தம்பரில் இயற்றிய விலக்குச் சட்டவரைவை ஆளுநர் திருப்பினார்; 2022 பிப்ரவரியில் மீண்டும் இயற்றினர்; 2025 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் மறுத்துவிட்டார் என்ற செய்தி வந்தது. எட்டுக்கோடித் தமிழரின் மன்றத்துக்கு இவ்வளவே மதிப்பு.

2020இல் வந்த 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளியார் முந்நூற்றுவர்க்கு மேல் அவ்வாண்டே மருத்துவம் புக வழிசெய்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர்களை விரல்விட்டு எண்ணலாம். வரவேற்போம். ஆனால் அவர்களும் நீட் எழுதியே ஆகவேண்டும். எம்மொழியிற் படித்தனர் என்பதை அவ்வொதுக்கீடு கேட்பதே இல்லை.

கடல்கடந்த நம்மினத்தார் இதனை முன்னரே பட்டறிந்தனர். இலங்கையில் 1970-71இல் மருத்துவம் புகச் சிங்களவழி மாணாக்கர்க்கு 229 மதிப்பெண்ணும் தமிழ்வழி மாணாக்கர்க்கு 250உம் வேண்டுமென வைத்தனர். அங்கே தமிழனுக்குக் கோலை நீட்டினர். இங்கே கோலையே மாற்றினர். அதே யாழ்ப்பாண மண்ணில்தான், மானிப்பாயில், சாமுவேல் பிசு கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவரைப் பயிற்றினார். அயல்நாட்டான் செய்த வேலையை, 1967 முதல் தமிழின் பெயரால் ஆண்டுவரும் கட்சிகள் ஏன் செய்யவில்லை? இந்தியில் மருத்துவப் பாடநூல்களை 2022இல் போபாலில் வெளியிட்டுவிட்டனர். நாம் 2010இல் பொறியியலைத் தமிழில் தொடங்கினோம். மருத்துவம் இன்னும் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றது. மருத்துவப் பட்டப்படிப்பின் முழுப் பாடநிரலையும் தமிழில் எழுதி முடிக்க ஆளுநரின் கையெழுத்தும் வேண்டா, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வேண்டா. உடலுறுப்பியலில் தொடங்கட்டும். எந்நாளில் தொடங்குவார்கள் என்பதை ஆட்சியிலிருப்போரையும், ஆட்சிக்கு வரத் துடிப்போரையும் ஊர்தோறும் மேடைதோறும் கேளுங்கள்.