பள்ளித் தோட்டத்துக்கு ஊரார் கைகொடுங்கள்



நம் நடுநிலைப் பள்ளியில் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் முள் மண்டிக் கிடந்த இரண்டு சென்ட் இடத்தைப் போன ஆடியில் பிள்ளைகள் தோட்டமாக்கினார்கள். கை கழுவும் தண்ணீர்தான் பாசனம். சிறுகீரை ஒரே மாதத்தில் சாம்பாருக்கு வந்தது. பூசணிதான் படுத்தியது. கொடி நிறையப் பூ, ஒரு பிஞ்சு இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பூக்களைப் புரட்டிப் பார்த்து, அடியில் குட்டி உருண்டை உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பெண் பூ, ஆண் பூ என்று அதற்குப் பிறகுதான் டீச்சர் சொன்னார். விடியலில் மலரும் பூசணிப் பூ, பள்ளி மணி அடிக்கும்போது சுருங்கத் தொடங்கிவிடும். அதனால் சிலர் ஆறரை மணிக்கே வந்து, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவுக்குக் கொண்டுசேர்க்கும் தேனீக்களை எண்ணினார்கள். அந்த நோட்டை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். பக்கத்து வயலில் காலையில் மருந்தடித்த நாளுக்கு நேரே பூஜ்யம் போட்டிருக்கிறார்கள்.

ஐப்பசி மழையில் கணக்குப் பாடம் நடந்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 2,000 லிட்டர். அத்தனையும் சாக்கடைக்குப் போவதைப் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள்.

"மண் வெட்டவா பள்ளிக்கு அனுப்பினோம்?" என்று சில பெற்றோர் கேட்டார்கள். தலைமுறையாகக் கூலி வேலை செய்த வீட்டில் அந்தக் கோபம் நியாயமானது. ஆகவே முடிவு செய்திருக்கிறோம்: தோட்ட வேலை யாருக்கும் தண்டனை ஆகாது. சாதி பார்த்து, ஆண் பெண் பார்த்து வேலை பிரிக்கக் கூடாது. ஆசிரியரும் மண்வெட்டி பிடிப்பார். வாரம் இரண்டு பாடவேளைக்கு மேல் கிடையாது. தோட்டமும் பாடம்தான்: சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொல்லி 1991இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைப் புத்தகத்தோடு நிறுத்தாமல் மண்ணிலும் நடத்த விரும்புகிறோம்.

மே விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லை, ஆடுகளும் புகுந்துவிட்டன. மறுபடி ஆடி வருகிறது. வேலிக்கும் பந்தலுக்கும் மூங்கில் தாருங்கள். பாட்டிமார் சாம்பலில் புரட்டி வைத்திருக்கும் அவரை, சுரை, பீர்க்கை விதையில் ஒரு கைப்பிடி கொடுங்கள்; எப்படிப் பாதுகாத்தீர்கள் என்பதையும் வகுப்பில் வந்து சொல்லுங்கள். விடுமுறையில் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றப் பத்து வீடுகள் வேண்டும்.

பள்ளியை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: பூக்கும் பருவத்தில் காலையில் மருந்தடிக்காதீர்கள். அடித்தே தீர வேண்டுமென்றால், தேனீ கூடடைந்த பிறகு மாலையில் அடியுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவினர், முன்னாள் மாணவர்கள்